தலையில் அடிபட்ட கல்லூரி ஃபுட்பால் வீரர்: திரும்புவதா, ஒதுங்குவதா, முழுக்குப் போடுவதா?

டெக்சஸ் பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் குவார்ட்டர்பேக்காக (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) இருந்த டேவிட் ஆஷுக்கு 2013 செப்டம்பர் 7 அன்று, பிரிகம் யங் பல்கலைக்கழகத்துடன் நடந்த ஆட்டத்தில் தலையில் அடிபட்டது. அடுத்த ஆட்டத்துக்கு அவரை இறக்கவில்லை. அதற்கடுத்த வாரம், செப்டம்பர் 21, கான்சஸ் ஸ்டேட் அணிக்கு எதிராக ஆடினார். இடைவேளைக்குள் அறிகுறிகள் திரும்பிவிட்டன. அந்தப் பருவம் அதோடு போயிற்று. அதன்பின் பதினோரு மாதம் எந்த ஆட்டத்திலும் இறங்காமல் இருந்துவிட்டு, 2014 ஆகஸ்ட் 30 அன்று நார்த் டெக்சஸ் அணிக்கு எதிராக வந்தார். அணி ஜெயித்தது. அவருக்கு மறுபடி தலைவலி. செப்டம்பர் 17 அன்று, ஆஷ் ஆட்டத்தை விடுகிறார் என்று பயிற்சியாளர் சார்லி ஸ்ட்ராங் அறிவித்தார்.

ஃபுளோரிடா பல்கலைக்கழகக் குவார்ட்டர்பேக் டிம் டீபோவின் கதை வேறு. 2009 செப்டம்பர் 26, கென்டக்கியில் ஆட்டம். எதிரணி வீரர் மோதிச் சாய்த்தபோது சக வீரரின் முழங்காலில் தலை இடித்து, நினைவு தப்பிக் கிடந்தார். இரவு முழுக்க மருத்துவமனையில். அடுத்த வாரம் அணிக்கு ஆட்டம் இல்லை என்பது அதிர்ஷ்டம். இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 10 அன்று லூசியானா ஸ்டேட்டின் மைதானத்தில் இறங்கி 13-3 என்று ஜெயித்துவிட்டு, பருவம் முழுக்க ஆடினார்.

முதல் தடவை இருவரும் எடுத்துக்கொண்ட இடைவெளி ஒன்றுதான், இரண்டு வாரம். ஒருவருக்குச் சரியாகப் போனது, ஒருவருக்குப் போகவில்லை. ஆகவே கன்கஷன் (தலையில் அடிபட்டு மூளை குலுங்கும் காயம்) ஆன கல்லூரி வீரர் திரும்பி ஆடலாமா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவாக ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ சொல்லிவிட முடியாது. இருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்க்கலாம். (இங்கே ஃபுட்பால் என்று நான் சொல்வது ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் அமெரிக்க ஆட்டத்தை. கன்கஷன் என்ற சொல், தலையில் பந்து பட்டதும் மாற்று வீரர் வரும் கிரிக்கெட் விதி மூலம் நமக்கும் பழகிவிட்டது.)

அன்றைக்கே திரும்புவது

இந்த வழி அடைபட்டுவிட்டது, அடைபட்டதும் சரிதான். 2010-ல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ எல்லாக் கல்லூரிகளையும் கன்கஷனுக்கென்று ஒரு திட்டம் வைத்திருக்கச் சொன்னது. கன்கஷன் என்று கண்டறியப்பட்டவர் அன்று மறுபடி ஆடக்கூடாது என்பது அதில் முக்கியமான விதி. விதி இருந்தும் மீறல் நின்றுவிடவில்லை. 2014 செப்டம்பர் 27 அன்று மிச்சிகன் அணியின் ஷேன் மோரிஸ், மினசோட்டாவுடன் நடந்த ஆட்டத்தில் பலமான மோதலுக்குப் பின் நிற்க முடியாமல் சக வீரர்மேல் சாய்ந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சற்று நேரத்தில் அவரையே இன்னொரு முறை உள்ளே அனுப்பினார்கள். கன்கஷன் இருந்திருக்கலாம் என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்ள இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. மாணவர்கள் போராடினார்கள். ஏற்கெனவே டிக்கெட் விலையாலும் தோல்விகளாலும் கெட்ட பெயர் எடுத்திருந்த விளையாட்டுத் துறை இயக்குநர் டேவ் பிராண்டன் அக்டோபர் முடிவில் பதவி விலகினார்.

அன்றே திரும்புவதில் உள்ள ஆபத்து உயிர் ஆபத்து. முதல் அடியின் பாதிப்பு ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அது லேசான அடியாகவே இருந்தாலும், மூளை வேகமாக வீங்கிவிடலாம். அரிதுதான். ஆனால் நடந்தால் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும், அதுவும் பெரும்பாலும் இளவயதினருக்கு. 2005-ல் பிலடெல்பியாவின் லா சால் பல்கலைக்கழக வீரர் ஒருவர் இப்படிச் சரிந்து நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டார். முந்தைய மாதமே அவருக்குக் கன்கஷன் ஆகியிருந்தது, சரியாகக் கவனிக்காமல் ஆட விட்டார்கள் என்பது குடும்பத்தின் வழக்கு. 2009-ல் பல்கலைக்கழகம் 75 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

உயிர் பயம் ஒருபுறம் இருக்கட்டும், சுயநலமாகப் பார்த்தாலும் மறைப்பது நஷ்டம். ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட கணக்குப்படி, அடிபட்டதை உடனே சொல்லாமல் ஆடியவர்கள், உடனே சொன்னவர்களைவிடச் சராசரியாக ஐந்து நாள் போல அதிகமாகவே வெளியே உட்கார வேண்டி வந்தது. ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றப்போய் அடுத்த ஆட்டத்தை இழக்கிறார்கள்.

படிப்படியாகத் திரும்புவது

பெரும்பாலோர் எடுக்கும் வழி இதுதான். 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச நிபுணர்கள் சொன்ன முறையைத்தான் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிகளும் ஏதோவொரு வடிவில் பின்பற்றுகின்றன. முதல் ஒன்றிரண்டு நாள் அன்றாட நடமாட்டத்தோடு ஓய்வு. அப்புறம் சைக்கிள், நடை போன்ற லேசான உடற்பயிற்சி. பிறகு ஆட்டத்துக்குரிய ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, மருத்துவர் அனுமதித்தபின் முழு மோதல் பயிற்சி, கடைசியில் ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். ஆக, எல்லாம் சரியாகப் போனாலும் ஒரு வாரத்துக்குக் குறையாது. இருட்டறையில் படுத்துக் கிடக்கச் சொன்ன காலம் போய்விட்டது. அளவோடு உடலை அசைப்பவர்கள்தான் சீக்கிரம் தேறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

ஏன் காத்திருக்க வேண்டும் என்பதற்கான காரணம் மூளையின் செல்களுக்குள் இருக்கிறது. அடி விழுந்ததும் நரம்புச் செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்தக் குளறுபடியைச் சரிசெய்ய ஏராளமான சக்தி வேண்டும். அதே நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும். சம்பளம் பாதியான மாதத்தில் வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்து நிற்பது போன்ற நிலை. அந்தச் சமயத்தில் இன்னொரு அடி தாங்காது. இதில் எதுவும் சி.டி. ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் நார்மல் என்றால் ரத்தக்கசிவு இல்லை என்று மட்டும்தான் பொருள். கன்கஷன் இல்லை என்று பொருள் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு.

காத்திருப்பது உண்மையிலேயே பலன் தருகிறதா? இங்கே எனக்குப் பிடித்த ஒப்பீடு ஒன்று இருக்கிறது. 1999 முதல் 2001 வரை கல்லூரி ஃபுட்பால் வீரர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், கன்கஷன் ஆனவர்கள் சராசரியாக ஆறு நாள் சொச்சத்தில் களத்துக்குத் திரும்பியிருந்தார்கள். அதே பருவத்தில் இரண்டாவது முறை அடிபட்ட 12 பேரில் 11 பேருக்கு அது முதல் அடியிலிருந்து பத்து நாளுக்குள் நடந்தது. பிறகு என்சிஏஏவும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2014-ல் பெரிய ஆய்வுக் கூட்டணி ஒன்றைத் தொடங்கின. அதன் 2014-17 காலத் தரவில் திரும்பும் சராசரி பன்னிரண்டு நாளாகியிருந்தது. இரண்டாவது கன்கஷன் வந்தவர்களுக்கும் அது சராசரியாக எட்டு வாரம் கழித்தே வந்தது. அதாவது, மூளை பலவீனமாக இருக்கும் அந்தப் பத்து நாளை அவர்கள் வெளியே கழித்துவிட்டார்கள். ஐந்தாறு நாள் கூடுதலாக உட்காரவைத்ததன் பலன் இது.

சரி, பன்னிரண்டு நாள் போதுமா? அதே கூட்டணி எல்லா விளையாட்டு வீரர்களையும் சேர்த்துப் பார்த்து 2021 வாக்கில் சொன்னது: இரண்டு வாரத்துக்குள் முழு அனுமதி பெற்றவர்கள் பாதிப் பேர்கூட இல்லை, ஒரு மாதத்துக்குள் பெற்றவர்கள் சுமார் 85 சதவீதம். ஆகவே மூன்றாவது வாரத்திலும் தலைவலி இருக்கும் பையன் நோஞ்சானும் இல்லை, நடிக்கவும் இல்லை. அது இயல்பான வரம்புக்குள்தான் வருகிறது. இந்த ஒரு செய்தி பயிற்சியாளர்கள் காதில் விழுந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இந்த வழிக்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, எல்லாம் வீரர் சொல்வதை நம்பியே நடக்கிறது. தலைவலி இருக்கிறதா, தூக்கம் சரியா, வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டால், ஆடத் துடிக்கும் இருபது வயதுக்காரர் என்ன பதில் சொல்வார்? பருவம் தொடங்குமுன் கணினியில் எடுக்கும் அடிப்படைத் தேர்வை வேண்டுமென்றே மோசமாக எழுதிவைப்பவர்களும் இருக்கிறார்கள். பின்னால் அடிபட்டு மதிப்பெண் குறைந்தாலும் வித்தியாசம் தெரியாது அல்லவா. இரண்டாவது ஓட்டை பலருக்குத் தெரியாதது: தலைக்கு அனுமதி கிடைத்தபின் கால் போகிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 2016-ல் வெளியான ஆய்வில், கன்கஷனுக்குப் பின் திரும்பிய கல்லூரி வீரர்களுக்கு அடுத்த 90 நாளில் முழங்கால், கணுக்கால் போன்ற கீழ்ப்பகுதிக் காயம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருந்தது. அறிகுறிகள் போனபிறகும் சமநிலையும் எதிர்வினை வேகமும் முழுசாகத் திரும்பியிருக்காது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

பருவம் முழுக்க ஒதுங்குவது

கேட்பதற்கு இது பாதுகாப்பான நடுவழி போல இருக்கும். வசதியும் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பது கல்லூரி ஃபுட்பாலின் நெடுநாள் விதி. 2018-லிருந்து நான்கு ஆட்டம் வரை ஆடியிருந்தாலும் அந்தப் பருவத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடலாம். செப்டம்பரில் அடிபட்டால் ஆண்டு வீணாகாது. நவம்பரில் அடிபட்டவருக்கு இந்தச் சலுகை பெரும்பாலும் உதவாது, ஆனால் அவர் இழப்பது ஒன்றிரண்டு ஆட்டம்தான்.

ஆனால் நீண்ட ஓய்வு என்ன தருகிறது, என்ன தரவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லா அறிகுறியும் போய், படிகள் எல்லாவற்றையும் ஏறியவருக்கு, மேலும் ஆறு மாதம் உட்கார்ந்தால் மூளை இன்னும் உறுதியாகிவிடும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆஷ் பதினோரு மாதம் இருந்து பார்த்தார். ஒரே ஆட்டத்தில் பழைய இடத்துக்கு வந்து நின்றார். இந்த வழி தருவது வேறு இரண்டு. ஒன்று, அந்தப் பருவத்தின் மீதி அடிகள் தலையில் விழுவதில்லை. மற்றொன்று, அவசரமில்லாமல் முடிவெடுக்க நேரம். வாரா வாரம் சனிக்கிழமை ஆட்டம் நெருங்கும்போது யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது, அம்மா அப்பாவாலும் முடியாது. ஜனவரியில் யோசிக்கலாம். ஒரே பருவத்தில் இரண்டு முறை அடிபட்டவருக்கும், ஒரு மாதம் தாண்டியும் அறிகுறி போகாதவருக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதல்முறை அடிபட்டுப் பத்து நாளில் தெளிந்தவருக்கு இது தேவைக்கு மிஞ்சிய வைத்தியம்.

முழுக்குப் போடுவது

கிறிஸ் போர்லண்ட் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆடி, தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் சான் ஃபிரான்சிஸ்கோ அணிக்குப் போய், முதல் பருவத்திலேயே பிரமாதமாக ஆடியவர். 2015 மார்ச்சில், 24 வயதில், போதும் என்று சொல்லிவிட்டார். அப்போது அவருக்குப் பெரிய நோய் எதுவும் இல்லை. வருமுன் நிறுத்திக்கொண்டார்.

அவர் பயந்தது சிடிஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மூளைச் சிதைவு நோய்க்கு. தலையில் திரும்பத் திரும்ப அடி விழுவதால் வருவது, பல ஆண்டு கழித்து நினைவையும் குணத்தையும் கெடுப்பது. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் உறுதிசெய்ய முடியும். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் 2017 ஆய்வில், கல்லூரி மட்டம் வரை ஆடிய 53 பேரின் மூளைகளில் 48-ல் இந்த நோய் இருந்தது. எண்ணைக் கேட்டதும் குலை நடுங்கும். ஆனால் அந்த மூளைகளைத் தானம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஏதோ மாற்றத்தைக் கண்டு சந்தேகப்பட்ட குடும்பத்தினர். கல்லூரியில் ஆடிய பத்தில் ஒன்பது பேருக்கு நோய் வரும் என்று இதைப் படிப்பது தவறு.

ஆனால் இதே குழு பின்னால் சொன்னது முடிவெடுப்பவருக்கு இன்னும் முக்கியம். 2020-ல் வந்த ஆய்வில், ஃபுட்பால் ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நோயின் வாய்ப்பு சுமார் 30 சதவீதம் கூடுவதாகத் தெரிந்தது. 2023-ல் 631 வீரர்களின் மூளைகளை வைத்துச் செய்த ஆய்வில், கண்டறியப்பட்ட கன்கஷன்களின் எண்ணிக்கை நோயைக் கணிக்க உதவவில்லை. வாழ்நாளில் தலை வாங்கிய மொத்த மோதல் விசைதான் கணித்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக வீரர் ஓவன் தாமஸ் 2010-ல் 21 வயதில் உயிரை மாய்த்துக்கொண்டபின் அவர் மூளையில் இந்த நோயின் தொடக்கம் தெரிந்தது. அவருக்குக் கன்கஷன் என்று ஒருமுறைகூட எழுதிவைக்கப்படவில்லை.

இதிலிருந்து எனக்குப் புரிவது இது: கன்கஷன் ஆனதால் ஆட்டத்தை விட வேண்டும் என்பதைவிட, இன்னும் எத்தனை ஆண்டு, எத்தனை ஆயிரம் மோதல் மிச்சம் இருக்கிறது என்பதே சரியான கேள்வி. ஒரே ஒரு கன்கஷன் ஆன, பந்தை உதைக்க மட்டும் வரும் நான்காமாண்டு உதைப்பாளருக்கும், ஒன்றுமே ஆகாத, முன்வரிசையில் நின்று மோதும் முதலாமாண்டு லைன்மேனுக்கும் இடையில் நீண்டகால ஆபத்து அதிகம் யாருக்கு என்று கேட்டால், நான் லைன்மேனைத்தான் காட்டுவேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு முறையும் தலை மோதுவது அவருக்குத்தான்.

பணப் பக்கமும் பார்த்துவிடலாம். கல்லூரியில் ஆடுபவர்களில் என்எஃப்எல்லுக்குப் போவது நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. கல்லூரிகள் குழுக்களாகச் சேர்ந்து ஆடும் கூட்டமைப்புகளில் பெரிய ஐந்தின் கல்லூரிகள், காயம் பட்டதற்காக ஸ்காலர்ஷிப்பைப் பறிக்கக்கூடாது என்று 2015-லேயே விதி போட்டுக்கொண்டன. அதற்கு வெளியே உள்ள கல்லூரி என்றால் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ஆனால் 2021-லிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-ல் ஒரு நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருகின்றன. முன்பெல்லாம் ஆட்டத்தை விடும் மாணவர் இழந்தது கனவை மட்டும். இப்போது சிலருக்கு அது பெரிய சம்பளம். இது நல்ல முடிவை எளிதாக்கவில்லை. ஒப்பந்தத்தில் காயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று அடிபடுமுன்னரே படித்துவைக்க வேண்டும்.

என் தீர்ப்பு

எத்தனையாவது கன்கஷனில் நிறுத்த வேண்டும் என்று ஓர் எண்ணை மருத்துவம் தரவில்லை. மூன்று என்று பலர் சொல்வதற்கு ஓரளவு அடிப்படை உண்டு: 2003-ல் வெளியான கல்லூரி வீரர் ஆய்வில், முன்பு மூன்றோ அதற்கு மேலோ ஆனவர்களுக்குப் புதிதாக ஒன்று வரும் வாய்ப்பு மூன்று மடங்கு இருந்தது. இருந்தாலும் எண்ணைவிடப் போக்கைத்தான் நான் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் முன்னைவிட லேசான அடிக்கே கன்கஷன் ஆகிறதா? தேறுவதற்கு முன்னைவிட நாள் கூடுகிறதா? இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால், அது இரண்டாவதாக இருந்தாலும் சரி, நிறுத்திவிடலாம். ஆஷுக்கு இந்தப் போக்கு 2013 செப்டம்பரிலேயே தெரிந்தது என்பது என் எண்ணம்; இன்று உட்கார்ந்து சொல்வது சுலபம்தான்.

முதல் கன்கஷன், தெளிவாகத் தேறியவர், வேறு தலைக்காயம் இல்லை என்றால் திரும்பலாம். ஆனால் ஏழாவது நாளே திரும்பலாம் என்று விதி அனுமதிப்பதால் ஏழாவது நாளே திரும்ப வேண்டியதில்லை. மேலே சொன்ன தரவுகளை வைத்துப் பார்த்தால் மூன்று வாரம் எனக்கு நியாயமாகப் படுகிறது. பன்னிரண்டு ஆட்டம் உள்ள பருவத்தில் அது இரண்டு அல்லது மூன்று ஆட்டம்.

யார் முடிவெடுப்பது என்பதில் குழப்பம் வேண்டாம். பெரிய கூட்டமைப்புகள் 2016-ல் கொண்டுவந்த விதிப்படி, ஆடலாமா கூடாதா என்பதில் அணியின் மருத்துவரும், காயங்களைக் கவனிக்கும் ட்ரெயினரும் சொல்வதே முடிவு. பயிற்சியாளர் தலையிட முடியாது. ஆனால் மருத்துவர் கொடுப்பது ‘ஆடலாம்’ என்ற அனுமதி. ‘ஆடு’ என்ற கட்டளை அவரிடமிருந்து வருவதில்லை. இடையில் இருக்கும் அந்த இடம் வீரருக்கும் குடும்பத்துக்கும் உரியது. அணிக்கு வெளியே உள்ள நரம்பியல் மருத்துவர் ஒருவரையும் பார்ப்பது அணி மருத்துவரை அவமதிப்பதாகாது.

திரும்புவது என்று முடிவானால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது, பலர் கேட்பதில்லை. 2021-ல் வந்த ஓர் ஆய்வு ஆறு பல்கலைக்கழகங்களின் ஃபுட்பால் வீரர்களை ஐந்து பருவம் கவனித்தது. கன்கஷன்களில் 72 சதவீதம் பயிற்சியில் நடந்திருந்தன, ஆட்டத்தில் இல்லை. பருவத்துக்கு முந்தைய ஆகஸ்ட் முகாமில் மட்டும் கிட்டத்தட்ட பாதி. அப்படியானால் திரும்பும் வீரர், சனிக்கிழமை ஆட்டத்தை விடாமலே, தலை வாங்கும் மோதல்களில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்: அனுமதிக்குத் தேவையான அந்த ஒரு முழு மோதல் பயிற்சி முடிந்தபின், வார நாள் பயிற்சிகளில் மோதலிலிருந்து விலக்குக் கேட்பது. குவார்ட்டர்பேக்குகளுக்குத் தனி நிறச் சட்டை போட்டு ‘தொடாதே’ என்று வைத்திருக்கும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை எதிரணியை மோதிப் பிடிக்கும் லைன்பேக்கர் ஒருவர் கேட்டால் பயிற்சியாளர் முகம் சுளிக்கலாம், மோதிப் பழகாதவன் ஆட்டத்தில் எப்படிப் பிடிப்பான் என்று கேட்கலாம். டார்ட்மத் கல்லூரியின் பயிற்சியாளர் பட்டி டீவன்ஸ் 2010-லிருந்தே பயிற்சியில் வீரரை வீரர் இழுத்து வீழ்த்துவதை நிறுத்தி, பின்னர் நகரும் இயந்திரப் பொம்மைகள்மேல் மோதவைத்தார். 2015-ல் அவருடைய அணி, டார்ட்மத் உள்ளிட்ட எட்டுக் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஐவி லீகின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டு மொத்த ஐவி லீகும் பருவகாலப் பயிற்சியில் வீரரை வீரர் வீழ்த்துவதைத் தடைசெய்துவிட்டது.